சொல்லியாச்சு

அட்வான்ஸ் பதினாலாயிரத்து எழுநூற்று ஐம்பது. வாங்கி ஐந்து மாதம் ஆகியும் வேலையை ஆரம்பிக்கவில்லை. கொடுத்தவரோ இப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வெப் டிசைனர் ஜன்னல் வழியே அவரைப் பார்த்துவிட்டான். வந்திருப்பவர் டைல்ஸ் போடுகிறவர். மேஸ்திரிக்குக் கமிஷன் அழாமல் நேராக வேலை பிடிக்க வேண்டும், அதற்குத் தனக்கென்று ஒரு வெப்சைட் வேண்டும் என்று, முட்டி தேயச் சேர்த்த பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்.

டிசைனர் சோம்பேறி இல்லை. அதுதான் கேவலம். காலையில் குளித்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவான். ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையாக எழுதி வைக்கிற பிளானிங் போர்டு ஒன்று திரையில் இருக்கும். செய்ய வேண்டியது சிவப்பு, நடப்பது மஞ்சள், முடிந்தது பச்சை. எந்தச் சிவப்பை முதலில் எடுப்பது என்று முடிவு செய்வதற்கே ஒரு நாள் போகும். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மணியடிக்க டைமரும் உண்டு; அது மட்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். அரிவாளைத் தீட்டித் தீட்டியே அறுப்பை விட்டவன் கதைதான்.

முதல் நாளே அந்தப் போர்டை டைல்ஸ்காரரின் போனுக்கும் அனுப்பியிருந்தான். வேலை எங்கே நிற்கிறது என்று தினமும் நீங்களே பார்க்கலாம் என்று பெருமையாகச் சொன்னான். அவர் சிரித்தார். தனக்கு எழுத்து வராது, கலரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன் என்றார்.

அந்த வார்த்தை டிசைனருக்கு வசதியாகப் போயிற்று. ஒரு மாதம் ஓடி, அவர் போனில் விசாரிக்க ஆரம்பித்ததும், சொன்ன பொய்யையே திரும்பச் சொல்லிவிடக் கூடாதே என்று ‘சாக்கு’ என ஒரு வரிசை திறந்தான். ஒரு பொய்க்கு ஓர் அட்டை. சொல்லியாச்சு என்றால் பச்சை. ஓர் ஆளின் விஷயமெல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவன் கொள்கை. அதனால் அதையும் அதே போர்டில்தான் திறந்தான்.

மனைவி கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள். டைல்ஸ்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையை ஒரு பார்வை பார்த்தார். மூலையில் ஒரு கல் தூக்கிக்கொண்டு நிற்கிறது, யாராவது தடுக்கி விழுவதற்குள் ஒரு நாள் வந்து சரிசெய்து தருகிறேன் என்று அவளிடம் சொன்னார். கேட்ட டிசைனருக்கு உடம்பு கூசியது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை; போர்டைப் பார்க்காமலேயே ஒரு சாக்கு வந்து விழுந்தது.

“வீட்ல ஒரு பிரச்சனைண்ணே. மாமியாருக்குக் கண் ஆபரேஷன். அதான் கொஞ்சம்...”

“எங்கம்மாவுக்கா?” என்றாள் மனைவி.

“பயப்படாதீங்கம்மா,” என்றார் டைல்ஸ்காரர். “அந்த ஆபரேஷன் மூணு மாசம் முன்னாடியே முடிஞ்சுபோச்சு. தம்பி பச்சை போட்டிருக்காரு.”

டிசைனரின் முகம் செத்துவிட்டது. மனைவி அவனைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“யாருண்ணே படிச்சுக் காட்டினாங்க?” என்றான் டிசைனர்.

டைல்ஸ்காரர் போனை எடுத்துப் போர்டைத் திறந்தார். கரண்ட் இல்லை, இரண்டு முறை. விரல் வீக்கம். கம்ப்யூட்டர் ரிப்பேர். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவர், கடைசி அட்டையில் நின்றார். சிமென்ட் படிந்த விரலை எழுத்துக்கு அடியில் வைத்தார்.

“இ... வ... இவருக்கு. ப... டி... படிக்கத் தெரியாது.” மூச்சு வாங்கிக்கொண்டார். “எது... சொன்னாலும்... நம்பு... நம்புவார்.”

மேஜைமேல் டைமர் மணியடித்தது. டிசைனர் அதை நிறுத்தக்கூட எழவில்லை. கல் பெயர்ந்த அந்த மூலையிலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

அவர் கோபப்படவில்லை. சிவப்பு அட்டைகள் சிவப்பாகவே கிடக்க, ஒரு வரிசை மட்டும் வாராவாரம் பச்சையாகிக்கொண்டு வந்ததைப் பார்த்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மகளைக் கேட்டாராம். அவள் ஓர் அட்டையை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டிவிட்டு, அடுத்ததை நீயே கூட்டிப் படி என்று சொல்லிவிட்டாளாம். மூன்று மாதத்துக்கு மேலாக, கட்டட வேலையில் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் இந்த வேலைதான். அதற்கு முன்னால் பஸ் போர்டைக்கூடப் பக்கத்தில் நிற்பவரிடம்தான் கேட்பாராம்.

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். கையிலிருந்த பணத்தை அவர் முன்னால் மேஜைமேல் வைத்தாள்.

“இதுல ஒன்பதாயிரம் இருக்குண்ணே. மீதியை மாசக் கடைசியில நானே கொண்டுவந்து தர்றேன். அந்தக் கடன் எங்களுக்கு வேண்டாம்.”

டிசைனர் தலையைத் தூக்கவில்லை. டைல்ஸ்காரர் எழுந்து, பணத்தை அவள் பக்கமே தள்ளி வைத்தார்.

“கடன் இல்லம்மா அது. டியூஷன் ஃபீஸ்.”