காட்சிமுனையில் ஒரு வெள்ளைச் சுவர்

கழிப்பறைச் சுவரையொட்டி நிற்கச் சொன்னதும் டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

பின்னே வராதா?

மூன்று பக்கமும் மலை, ஒரு பக்கம் கடல். நடுவில் மிச்சமிருக்கிற துண்டு இடத்தில், மூன்று பேர் சீட்டில் ஐந்தாவது ஆளாக இடுக்கிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி ஒரு நகரம். தெருக்களெல்லாம் ஒன்று மலையில் ஏறப் பார்க்கின்றன, இல்லையென்றால் கடலில் குதிக்கப் பார்க்கின்றன. துறைமுகத்தில் கப்பல்கள் தீப்பெட்டி தீப்பெட்டியாக நிற்கின்றன. அத்தனையும் ஒரே பார்வையில் தெரிகிற காட்சிமுனை அது.

அங்கே வந்து ஸ்டுடியோக்காரர் தேடிக் கண்டுபிடித்தது, ‘ஆண்கள்’ என்று எழுதிய ஒரு வெள்ளைச் சுவரை.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. முப்பத்தெட்டு வருஷமாகப் பாஸ்போர்ட் படம் மட்டுமே எடுத்த கை. ஒரு முகத்துக்குப் பின்னால் வெள்ளையைத் தவிர வேறு எது தெரிந்தாலும் மனிதருக்கு உடம்பு கூசும்.

“பின்னாடி ஒரே கூட்டமா இருக்கு டீச்சர். மலை வேற உங்க தலையில முளைச்ச மாதிரி வருது. இங்க வாங்க, சுத்தமா இருக்கு.”

“எதுங்க சுத்தம்? கக்கூஸா?”

பஸ்ஸில் கூட வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வேறு நாளாக இருந்தால் டீச்சர் போகட்டும் என்று விட்டிருப்பார். இரண்டு மாதமாகப் பேச்சையே நிறுத்தியிருந்த அக்கா இன்று காலையில்தான் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். ‘ஊர் தெரியற மாதிரி, நீ சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ அனுப்பு. பார்த்துட்டு அப்புறம் பேசறேன்.’ அவ்வளவுதான். சண்டை எதற்கு என்பது இருக்கட்டும். அம்மா போன பிறகு டீச்சருக்கு அம்மா ஸ்தானத்தில் இருப்பவள் அந்த அக்காதான். அவள் பேசாத இரண்டு மாதமும் டீச்சருக்குச் சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

காலையிலேயே ஓட்டல் மாடியிலிருந்து தன்னைத்தானே எடுத்துப் பார்த்தார். ஒரு மூக்குத் துவாரமும் பாதி நெற்றியும் வந்தன. வழியில் போகிறவர்களிடம் போனை நீட்டலாம்தான். தொழில்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படிச் செய்தால், பாவம், அவர் மனசு என்ன பாடுபடும்?

ஓட்டுநர் கொடுத்தது கால் மணி நேரம். அதில் ஆறு நிமிஷத்தைச் சுவரே தின்றுவிட்டது.

கடைசியில் டீச்சர் விறுவிறுவென்று கம்பித் தடுப்போரம் போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். முப்பது வருஷம் கணக்கு நடத்தியவர். பிடிவாதத்துக்குக் கேட்கவா வேண்டும்?

ஸ்டுடியோக்காரர் பெருமூச்சு விட்டுப் போனைத் தூக்கினார். தூக்கியதுதான் தாமதம், வாய் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது.

“கண்ணாடியைக் கழட்டுங்க. முடியை ஒதுக்குங்க, ரெண்டு காதும் தெரியணும். தாடையை இறக்குங்க. சிரிக்காதீங்க.”

“சிரிக்கத்தாங்க வந்து நிக்கிறேன்!”

“சிரிச்சா திருப்பி அனுப்பிருவாங்க டீச்சர்.”

யார் அனுப்புவார்கள், எங்கே அனுப்புவார்கள் என்று அவருக்கே தெரியாது. கண்ணாடியைக் கழற்றியதில் டீச்சருக்கு எதிரே தெரிந்தது ஒரு நீலச் சட்டை மட்டும்தான். முடியை ஒரு பக்கம் ஒதுக்கினால் மறு பக்கம் பறந்தது. காது தெரிந்தால் தாடை ஏறியது. தாடை இறங்கினால் காது மறைந்தது.

ஓட்டுநர் ஹாரனில் கையை வைத்தார்.

அப்போதுதான் டீச்சரின் பிடரியில் ஜில்லென்றது. கடலிலிருந்து கிளம்பிய மூடுபனி, கேட்பாரில்லாமல் ஊருக்குள் நுழைந்துவிட்டது. முதலில் கப்பல்கள் போயின. பிறகு தெருக்கள். பிறகு மூன்று பக்கத்து மலைகளும். பின்னால் இருந்த தடுப்புக் கம்பிகூடக் காணோம். மிச்சமிருந்தது ஒரு முகமும், அதற்குப் பின்னால் அப்பழுக்கில்லாத வெள்ளையும்.

“ஆஹா!” என்று கத்திவிட்டார் ஸ்டுடியோக்காரர். முப்பத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு வெள்ளை அவருக்கு வாய்த்ததே இல்லை. “அப்படியே இருங்க டீச்சர்! அசையாதீங்க! அற்புதம்!”

டீச்சர் திரும்பிப் பார்த்தார். கடலும் இல்லை, மலையும் இல்லை. அக்காவுக்கு அனுப்ப ஊரே இல்லை.

அழுதுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். எதிரே அந்த நீலச் சட்டை, பள்ளிக்கூடம் லீவு என்று கேள்விப்பட்ட பிள்ளை மாதிரி நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது.

வந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, கடைவாய்ப் பல்வரை தெரிகிற சிரிப்பு.

வேறு யாராவது இப்படிச் சிரித்திருந்தால் ஸ்டுடியோக்காரர் தன் கடை ஸ்டூலை விட்டே எழுப்பியிருப்பார்.

அழுத்திவிட்டார்.

பஸ் கிளம்பிய பிறகு, வேறு வழியில்லாமல், டீச்சர் அந்தப் படத்தையே அனுப்பினார். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்று வளைவுகள் போயின. மடி அதிர்ந்தது.

‘ஊர் எங்கடி? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. போகுது போ. நீ இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. வரும்போது ரெண்டு பேரும் நேரா நம்ம வீட்டுக்கு வாங்க.’

டீச்சர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு போனை ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்தார். அவரும் படித்தார். எக்கி, டீச்சர் பக்கத்து ஜன்னலை இழுத்து மூடினார்.

காட்சிமுனையில் நடந்த கூத்தையெல்லாம் வேடிக்கை பார்த்திருந்த எதிர்சீட்டுப் பெண்ணால் அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை.

“எங்க அம்மா அப்பாவும் இதே மாதிரிதாம்மா, வெளிய கூட்டிட்டு வந்தா போதும், ஒரே ரகளை. உங்களுக்குக் கல்யாணமாகி ஒரு நாப்பது வருஷம் இருக்குமா?”

டீச்சர் ஸ்டுடியோக்காரரைப் பார்த்தார். அவர் மூடிய ஜன்னல் வழியாக மும்முரமாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் விரல்விட்டு எண்ணினார்.

“நாளையோட பத்து நாள்.”