மூன்று பிரதிகள்

கல்குவாரி மரணங்களைப் பற்றிப் பத்திரிகையாளர் இருதயராஜ் எழுதிய புத்தகத்தில், தகவல் கொடுத்த ஊழியரின் பெயர் மட்டும் இல்லை. தெரிந்தால் அவர் உயிர் தப்பாது. புத்தகக் காட்சியில் குவாரி முதலாளியே மூன்று பிரதிகளோடு எதிரில் வந்து நின்றார். “நம்ம ஆளுங்களுக்குத்தான் சார். பேர் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. முதல்ல வேலாயுதம்.” “இனிஷியல்?” “ஆர்.” முதலாளி எழுதும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அடுத்தது பூங்காவனம்.” அந்தப் பெயர்தான். முப்பது வருடப் பத்திரிகைப் பழக்கத்தின் வேகத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, இருதயராஜ் மூன்றாவது பிரதிக்குக் கை நீட்டினார். முதலாளி அதைக் கொடுக்காமல், இப்போது எழுதிக் கொடுத்த பக்கத்தை வாசித்தார். “கு. பூங்காவனம். இனிஷியல் நான் சொல்லவே இல்லையே சார்.” இருவர் கைகளும் ஒரே நேரத்தில் சட்டைப்பையிலிருந்த போனுக்குப் போயின.