கேட்காமல் நீட்டிய கோப்பை

மழைக்கு ஒதுங்கிய இடம் டாரட் அட்டை பார்த்துக் குறிசொல்பவரின் கடையாகப் போனது. சும்மா நிற்கக் கூச்சப்பட்டு அவனும் அவளும் அவர்முன் உட்கார்ந்தார்கள். அவன்தான் அட்டையை எடுத்தான்.

அதில் ஓர் ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அடேங்கப்பா! ஜோடின்னா இதுதான் ஜோடி," என்றார் டாரட்காரர். "இதுல யாரும் மேல இல்ல, யாரும் கீழ இல்ல. கேக்காமலே கொடுக்கிற மனசு. கல்யாணம் எப்போ?"

"இன்னிக்கு மதியம் கையெழுத்துப் போடணும்," என்றாள் அவள்.

"ரிஜிஸ்டர் கல்யாணமா? நல்லா இருங்க!"

ஏதோ சொல்ல வாயெடுத்தவனை அவள் கண்ணாலேயே அடக்கினாள்.

மழை விட்டதும் எதிர்க் கட்டடத்துக்கு ஓடினார்கள். வராந்தாவில் அவளை உட்காரவைத்துவிட்டுப் போனவன், இரண்டு காகிதக் கோப்பைகளில் டீயோடு வந்து ஒன்றை நீட்டினான்.

"உனக்குச் சர்க்கரை போடல."

அவள் டீ கேட்கவே இல்லை. "அந்த டாரட்காரர் சொன்னாரே..." என்று ஆரம்பித்தாள்.

வக்கீல் எட்டிப் பார்த்தார். "விவாகரத்துப் பேப்பர் ரெடி. ரெண்டு பேரும் உள்ள வாங்க."

கோப்பைகளை ஜன்னலோரம் வைத்தார்கள்.

"வந்து குடிச்சுக்கலாம்," என்றான் அவன், பழக்கதோஷத்தில். ஆறிவிடாமல் இருக்கத் தன் கைக்குட்டையை மடித்து அவள் கோப்பையை மட்டும் மூடிவிட்டு, முன்னால் நடந்தான்.