ஆறாவது கால்

பெரிய வியாழன் மாலை வெயில், நைவாஷா கோவிலில், பன்னிரண்டு சீடர்களின் நினைவாகப் பாதிரியார் கழுவக் காத்திருக்கும், ஆளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வெறுங்கால்கள் மேல் சாய்கிறது. பூப்பண்ணையில் மருந்தடிக்கும் கிலொன்சோ ஆறாவது ஆள். போன வருஷம் கூப்பிட்டபோது காய்ச்சல் என்று பொய் சொன்னவன். நாளெல்லாம் ரப்பர் பூட்ஸுக்குள் ஊறி, விரலிடுக்கில் சேற்றுப்புண் தொற்றி வெளுத்து வெடித்து நாறிய காலை எப்படி நீட்டுவது? இந்த முறை, அரிப்பு நின்ற பிறகும் விடாமல் களிம்பு தடவி, பூட்ஸை வேலிக்கம்பில் கவிழ்த்துக் காயவைத்துத் தேற்றிய பாதம் தைரியமாக நீண்டிருக்கிறது. பாதிரியார் தண்ணீர் ஊற்றி, ஐந்து பேரின் காலைத் துடைத்து நனைந்த துண்டோடு குனிகிறார். கிலொன்சோ சட்டைப்பையிலிருந்து தன் துண்டை எடுக்கிறான்.

"இதால தொடைங்க ஃபாதர். விரலுக்கு நடுவுலயும்."

"ஏன்டா, என் துண்டுக்கு என்ன கொறச்சல்?"

"ஒண்ணுமில்ல ஃபாதர். அது அஞ்சு காலப் பாத்துட்டு வருது."

பாடகர் வரிசையில் சிரிப்பு கிளம்புகிறது. பாதிரியாரும் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு இடுக்காக ஒற்றி எடுக்கிறார். பக்கத்தில் ஏழாவதாக, அதே பண்ணையில் மருந்தடிக்கும் முசெம்பி சிரிக்கவில்லை. பெஞ்சுக்கடியில் இழுத்து வைத்திருந்த காலை மெல்ல வெளியே நீட்டுகிறான். சுண்டுவிரலோரம் தோல் வெளுத்து உரிந்திருக்கிறது.

"எனக்கும் தனித் துண்டு குடுங்க ஃபாதர்," என்கிறான், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்குப் பின்னாடி இன்னும் அஞ்சு பேரு இருக்காங்க."