தாத்தா ஜாடை

கசப்பு வெள்ளரியையும் கசக்காத வெள்ளரியையும் இனக்கலப்புச் செய்தபோது பிள்ளைகள் எல்லாமே கசந்தன. அந்தப் பிள்ளைகளில் ஒன்றின் பழத்து விதைகள்தான் இப்போது ஆராய்ச்சிப் பண்ணைப் பாத்தியில் வரிசையாக முளைத்திருந்தன.

பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் பூரணி ஒவ்வொரு நாற்றாக இலையின் ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். கசந்தால் துப்பிவிட்டு, நாற்றைப் பிடுங்கி எறிந்தாள்.

"இன்னும் ஆறு பேர், அப்புறம் நாமதான்" என்றது கடைசிக்கு முந்திய நாற்று. காற்றே இல்லாமல் அதன் தண்டு ஆடியது. "பெத்தவங்களே கசப்பு. நான் எப்படித் தப்பிப்பேன்?"

"எனக்கு அந்தக் கவலை இல்லை" என்றது அதற்கு முன்னால் நின்ற நாற்று. "என் இலையைப் பாரு. அப்படியே தாத்தா ஜாடை. தாத்தா கசக்காதவரு."

"என் இலை?"

"உன்னது பாட்டி மாதிரி. பாவம்."

பூரணி வந்துவிட்டாள். தாத்தா ஜாடையைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். முகம் கோணியது. துப்பினாள், பிடுங்கினாள்.

அடுத்ததைக் கிள்ளினாள். மென்றாள். சந்தேகமாக இன்னொரு முறை மென்றாள். பிறகு அதன் தண்டில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டினாள்.

கடைசி நாற்று கேட்டது: "எப்படிண்ணே தப்பிச்சீங்க?"

சிவப்பு நூல் கட்டிய தண்டு இப்போது ஆடவில்லை.

"இதுல என்ன இருக்கு? என் இலையைப் பாரு. அப்படியே தாத்தா ஜாடை."