மூலையை விட்டு இறங்கிய பொத்தான்

அன்று காலைதான் அந்தச் சின்னப் பொத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தது. இணையத்தில் போடப்போகும் ஒரு கல்லூரி விண்ணப்பத்தில் ‘அனுப்பு’ என்று நிற்க வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம். பெரிய மானிட்டர் அதை வலது மூலையில் உட்காரவைத்து அழகு பார்த்தது.

பக்கத்தில் கிடந்த, கண்ணாடி கீறிய மொபைல் முனகியது. “தங்கச்சி, என் திரையில பேரு தெரியுது, மார்க் தெரியுது, உன்னை மட்டும் காணோமே!”

பொத்தான் எட்டிப் பார்த்தது. உண்மைதான். அந்தச் சின்னத் திரையில் அது ஓரத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, நான் கீழே இறங்கி நடுவுல உட்காந்துக்கறேன்,” என்றது மானிட்டரிடம்.

“முளைச்சு மூணு இலை விடலை, அதுக்குள்ள இடம் மாத்தணுமா? நாளைக்கு முதலாளிக்குக் காட்டறது என் திரையிலதான். மூலை காலியா இருந்தா உன்னையே தூக்கிடுவாங்க.”

“தூக்கட்டும்.”

பொத்தான் இறங்கி, மார்க்குக்குக் கீழே, ஒரு கட்டைவிரல் எட்டும் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் பெரிய திரையின் மூலை வெறிச்சென்று கிடந்தது. முதலாளி முகம் சுளித்தார். மானிட்டர் பல்லைக் கடித்தது. “பாக்கறவங்க முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே!”

“பாக்கறவங்க உன் முன்னாடி இருக்காங்க, அண்ணே,” என்றது பொத்தான், அசையாமல். “அழுத்தறவங்க பஸ்ஸுல, ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க.”