ரதியின் முன்பல்

"வாயைத் திறந்து காட்டுங்கள்" என்று டாக்டரம்மா மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் திறக்கவில்லை.

ஊசிக்கெல்லாம் பயந்த ஆள் இல்லை அவர். முன்பல்லைப் பிடுங்கிவிடுவார்களோ என்றுதான் உதட்டை இறுக்கிக்கொண்டு கிடந்தார்.

மாசி பிறந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து. அதில் ரதி வேஷம் கட்டுவது இவர்தான், நல்லையா. தலை நரைத்த பிறகும் அந்த வேஷத்தை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. சேலை கட்டி, கண்ணுக்கு மை போட்டு, காமன் பொட்டலில் வந்து நின்று ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், லயத்து வீட்டுச் சனம் மொத்தமும் விசிலடிக்கும்.

அந்தச் சிரிப்பில் மயங்கித்தான் நான் இவரைக் கட்டிக்கொண்டேன். ரதியைப் பார்த்து ஆசைப்பட்ட பொம்பளை இந்த ஊவா மாகாணத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தச் சிரிப்பின் நடுப்பல்தான் இப்போது ஆடுகிறது. ரொட்டியைக் கூட ஓரத்தில் ஒதுக்கித்தான் மெல்லுகிறார். பல் விளக்கினால் ரத்தம்.

மாசிக்கு அதிக நாள் இல்லை. ஓட்டைப்பல் ரதி வந்து நின்றால் மன்மதனே எழுந்து ஓடிவிடுவான். தோட்டமே சிரிக்கும். இந்த மனுஷன் சோறு தண்ணியில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான்.

அதனால்தான் லுணுகலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பதுளைக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். இறங்கியதும் நௌபர் நானாவின் கடையில் ஆளுக்கொரு பாலில்லாத பிளேன்டீ. "சீனி போடாம, நானா" என்று கடைக்கே கேட்கிற மாதிரி நான்தான் கத்திச் சொன்னேன்.

பிறகு குழாயடியில் வாயைக் கொப்பளித்தார், கொப்பளித்தார், அப்படிக் கொப்பளித்தார். டாக்டரம்மா மூக்கைப் பொத்திவிடக் கூடாதாம். பின்னால் நின்ற ஆள் தண்ணீர் முடிந்துவிடும் என்று சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தார்.

கிளினிக் வரிசையில் உட்கார்ந்ததும் அடுத்த புலம்பல். "இந்த பெஞ்சு பூரா எறும்பு புள்ள" என்று இடது கையை உதறிக்கொண்டே இருந்தார். என் கைப்பை மேல் ஏறிய ஒன்றை நானும் தட்டிவிட்டேன்.

ஒருவழியாக இப்போது வாயைத் திறந்தார். டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்து, ஈறை லேசாகத் தொட்டார். தொட்டதுமே ரத்தம் கசிந்தது.

"சீனி வருத்தம் இருக்கிறதா?"

நான் முந்திக்கொண்டேன். "இருக்குங்க. போன மழக்காலத்துல சொன்னாங்க. அன்னையிலருந்து தேத்தண்ணிக்குள்ள ஒரு பொட்டு சீனி போடுறதில்ல. சாமி சத்தியமா!"

வாய்க்குள் கண்ணாடியோடு அவரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

"ஆனால் ரத்தத்தில் இறங்கவே இல்லையே" என்றார் டாக்டரம்மா, நாங்கள் கொண்டுவந்த ரத்தச் சோதனைத் துண்டுச்சீட்டைப் பார்த்துக்கொண்டே.

பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். ரத்தத்தில் சீனி ஏறினால் ஈறு புண்ணாகிப் பல்லின் பிடியை விட்டுவிடுமாம். ஈறு புண்ணாக இருந்தால் சீனியும் லேசில் இறங்காதாம். லயத்தில் அடுத்தடுத்த அறையில் இருக்கிற காம்பிராக்காரிகள் சண்டை மாதிரி, இது அதை ஏற்றிவிடும், அது இதை ஏற்றிவிடும். சீனியை இறக்கினால், ஈறைச் சுத்தம் செய்து பல்லைக் காப்பாற்றப் பார்க்கலாம். இறக்காவிட்டால் பிடுங்கத்தான் வேண்டும்.

கேட்கும்போதே நான் கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டேன். ஆனாலும் மனதுக்குள் ஒரு முறைப்பு. புத்தகத் தமிழ் பேசுகிற கொழும்புப் பிள்ளை, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு சுலபமாகச் சொல்லிவிடும். எங்கள் பாடு இதற்கு எங்கே தெரியப்போகிறது?

டாக்டரம்மா கண்ணாடியைத் தட்டில் வைத்தார்.

"அண்ணே, வாய மூடுங்க. இப்ப இடது கைய விரிங்க."

அசல் லயத்துப் பேச்சு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் விரித்தார்.

உள்ளங்கை நடுவில் பிசுபிசுவென்று சீனி. அதில் ஓர் எறும்பு. வாயை அப்படிக் கழுவிய மனுஷன் கையைக் கழுவ மறந்துவிட்டார்.

சத்தியம் சத்தியம்தான். தேத்தண்ணிக்குள் போடவில்லை. எங்கள் பக்கத்தில் உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு, ஒரு நக்கு, ஒரு மிடறு. அப்படிக் குடித்தால்தான் அது பிளேன்டீ.

மாஸ்க்குக்கு மேலே டாக்டரம்மாவின் கண் சிரித்தது. "நான் பெரகலைக்கு கீழ தோட்டத்துல பொறந்தவ. எங்கப்பாவும் இப்படித்தான் டாக்டர்கிட்ட சத்தியம் பண்ணுவாரு. சரி சொல்லுங்க, கையில கொட்டிவுடுறது யாரு?"

மூன்று தடவை சொல்லியும் திறக்காத அந்த வாயை, இவர் யாரும் கேட்காமலே, கடைவாய்ப்பல் தெரிய 'ஆ'வென்று திறந்துகொண்டார். திறந்த வாயால் பதில் சொல்ல முடியாதே!

பாவி மனுஷன். பல்லே போனாலும் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார்.

நான் கைப்பையைத் திறந்தேன். உள்ளே இருந்த சீனிப் பொட்டலத்தையும் கரண்டியையும் எடுத்து டாக்டரம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இத நீங்களே வச்சிக்கிங்க. மாசிக்கு ரதி சிரிக்கணும்."